மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு ஸ்போக் வீல் மாட்டுவது எப்படி?

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான கார், ஆனால் அறுபதுகளின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் சாயல் அதன் உடம்பெல்லாம் இருக்கிறது. நான் குடியிருப்பதோ இங்கிலாந்தின் கவெண்ட்ரியில். முதல் உலகப் போருக்கு முன்பே கழற்றி மாட்டும் ஸ்போக் வீலைச் செய்து பேர் வாங்கிய ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி இந்த ஊரில்தான் இருந்தது. இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு அலாய் வீலோடு ஓட்ட எனக்கு மனசே வரவில்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வழக்கமான நான்கு நட்டிலேயே நேராக மாட்டும் ஸ்போக் வீல். இன்னொன்று, ஹப்பின் (அச்சு நுனியில் வீலைத் தாங்கும் பாகம்) மேல் பல் வெட்டிய அடாப்டரை இறுக்கி, அதில் வீலைச் செருகி, நடுவில் ஒரே பெரிய நட்டால் பூட்டுவது. முதல் வழி சுலபம். அழகு இரண்டாவதில்தான், நான் செய்ததும் அதுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: நான்கு துளை, அந்தத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., ஹப்பின் நடு விட்டம் 54.1 மி.மீ. நான் எடுத்தது 15 அங்குலம், 72 ஸ்போக். டயர் 195/50. பழைய 185/60 ஆர்14 டயரின் உயரத்துக்கும் இதற்கும் 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை, அதனால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டாது. ரிம் உள்ளே அடைப்பு போட்ட ட்யூப்லெஸ் வகையையே வாங்குங்கள். பழைய வகையில் ஸ்போக்கின் நிப்பிள் (ஸ்போக் நுனியைப் பிடிக்கும் சின்ன நட்) ரிம்முக்குள் துருத்தி நிற்கும், ட்யூப் போட்டே ஆக வேண்டும், அது உராய்ந்து பஞ்சராகும். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டிப் பாருங்கள். எல்லாம் ‘டிங்’ என்று ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஏதாவது ஒன்று ‘டொக்’ என்றால் அது தளர்ந்திருக்கிறது, அந்த வீலைத் திருப்பி அனுப்புங்கள்.

காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, பழைய வீலைக் கழற்றுங்கள். ஹப்பின் முகத்தில் துரு படிந்திருக்கும். கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள் போட்டு, விரல் நகத்தால் சுரண்டினாலும் எதுவும் தட்டுப்படாத அளவுக்குத் தேயுங்கள். துருவின் மேல் அடாப்டரை இறுக்கினால் ஓட ஓடத் துரு நொறுங்கும், நட் தளரும். அடாப்டர் நட்டுக்கு நான் வைத்தது 110 நியூட்டன் மீட்டர், மாஸ்டா சொல்லும் 88 முதல் 118 என்ற அளவுக்குள் வரும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ஸ்டட், அதாவது ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரை போட்ட கம்பி. அதன் நுனி அடாப்டருக்கு வெளியே நீண்டிருந்தால் வீலின் பின்பக்கம் அதில் இடிக்கும், வீல் முழுதாக உட்காராது. கண்ணால் பார்த்து இது தெரியாது. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசினை நான்கு ஸ்டட் நுனியிலும் ஒட்டி, வீலை மாட்டி இறுக்கிக் கழற்றுங்கள். அது நசுங்கி உலோகம் தெரிந்தால் இடிக்கிறது என்று அர்த்தம். ஸ்டட்டைக் குறைக்கலாம், ஆனால் அப்புறம் பழைய வீலை மாட்ட மரை போதாது. கொஞ்சம் தடிமனான அடாப்டர் வாங்குவது நல்லது, வீல் ஆர்ச் உரசுகிறதா என்று மட்டும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள்.

இனி என்னைத் தடுக்கி விழ வைத்த இடம். அடாப்டர்கள் நான்கும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மரை மட்டும் வேறு. காரின் இடது பக்கத்துக்கு வழக்கமான வலமரை (வலப்பக்கம் திருப்பினால் இறுகும்), வலது பக்கத்துக்கு இடமரை (இடப்பக்கம் திருப்பினால் இறுகும்). இடது வலது என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது. நான் காரின் மூக்குக்கு எதிரே நின்று பிரித்து வைத்தேன். எல்லாம் தலைகீழாகிவிட்டது. பத்து நிமிட ஓட்டத்தில் முன் வீலிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் நட்டைக் கையாலேயே திருப்ப முடிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் நடுங்குகிறது. வீல் உருளும்போது கூம்பு வடிவ நட்டையும் துளித்துளியாக நகர்த்தும். சரியான பக்கத்தில் அது இறுகும், தவறான பக்கத்தில் கழலும்.

இதைச் சரிபார்க்க ஒரே விதிதான்: கார் முன்னே போகும்போது வீல் சுழலும் திசையில் நட்டைத் திருப்பினால் அது கழல வேண்டும். நட்டின் மேல் ‘அண்டூ’ (கழற்று) என்ற அம்புக்குறி இருந்தால், அது காரின் முன்னோக்கிய சுழற்சியையே காட்ட வேண்டும். நான்கு பக்கமும் இதைப் பார்க்காமல் ஜாக்கியை இறக்காதீர்கள்.

பல், கூம்பு, மரை மூன்றுக்கும் கிரீஸ் தடவி, வீல் தரையைத் தொடாதபோதே நட்டை இறுக்குங்கள். காது வைத்த நட் (சுத்தியலால் தட்டித் திருப்ப இறக்கை போல நீட்டி விட்டது) என்றால் செம்புச் சுத்தியல்தான், இரும்பு வேண்டாம். எனக்குப் பிடித்தது எண்கோண நட். அமெரிக்காவில் 1968 முதல் காது வைத்த நட்டுக்குத் தடை இருந்தது, 1996-இல்தான் நீக்கினார்கள். நடந்து போகிறவர்களின் காலைக் கிழிக்கும் என்ற பயம்தான் காரணம், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. முதல் 50 கி.மீ. ஓடியதும் நான்கு நட்டையும் மறுபடி இறுக்குங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக மாட்டியும் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் ஆடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பேலன்ஸ் செய்த விதம்தான் காரணம். சாதாரண வீலைப் போல நடுத்துளையில் மட்டும் பிடித்துச் சுற்றினால் கணக்கு தப்பும். உள் கூம்பு, வெளிக் கூம்பு இரண்டிலும் பிடிக்கும் தனி அடாப்டர் வேண்டும். கடைக்குப் போகுமுன் போன் செய்து அது இருக்கிறதா என்று கேளுங்கள். என் ஊரில் மூன்றாவது கடையில்தான் கிடைத்தது.