காமியனெட்ஸ்-போடில்ஸ்கி: கோட்டையைப் பார்த்துவிட்டு ஊரைத் தவறவிடாதீர்கள்

"அண்ணா, காமியனெட்ஸ் போயிட்டு வந்தோம். கோட்டை சூப்பர். ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு."

மேற்கு உக்ரைனின் செர்னிவ்ட்ஸி நகரத்தில் மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளிடமிருந்து இந்தச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நானும் அங்கே படித்தவன், அதே நாட்டில் இருக்கும் காமியனெட்ஸுக்குப் பலரைக் கூட்டிக்கொண்டு போனவன். புதிதாகப் போகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். குடை எடுத்துக்கொள், நல்ல ஷூ போடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

போரை மறந்து திட்டம் போடுவது

சுற்றுலாவுக்கென்று இப்போது இந்தியாவிலிருந்து கிளம்ப வேண்டாம். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. அந்த நாட்டுக்குப் போக வேண்டாம், அங்கே இருப்பவர்களும் வெளியேறுங்கள் என்று அதே ஆண்டு அக்டோபரில் இந்தியத் தூதரகம் சொன்னது. இருந்தாலும் படிப்பை முடிக்கத் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், போர் ஓய்ந்தபின் போக நினைப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இப்போது அங்கே இருப்பவர்கள் இரவு ஊரடங்குக்கு முன் தங்குமிடம் திரும்பிவிட வேண்டும். போய் இறங்கியதுமே பதுங்குமிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். ராணுவச் சோதனைச் சாவடிப் பக்கம் கைப்பேசியைத் தூக்கவே கூடாது.

கோட்டையோடு திரும்பிவிடுவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். காலையில் செர்னிவ்ட்ஸியிலிருந்து பேருந்து, இறங்கியதும் டாக்ஸி பிடித்து நேரே கோட்டை வாசல், பாலத்தில் நின்று நாலு செல்ஃபி, சுவர்மேல் ஒரு நடை, சாப்பாடு, திரும்பும் பேருந்து. இப்படிப் போகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்காமல் வந்தவர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பழைய நகரத்தைச் சுற்றி ஸ்மோட்ரிச் ஆறு கிட்டத்தட்ட முழு வளையமாக ஓடுகிறது. அது சாதாரணக் கரையும் அல்ல, நாற்பது கோடி ஆண்டுக்கும் பழைய சிலூரியன் காலத்துச் சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு இறங்கிய செங்குத்துப் பள்ளத்தாக்கு. ஊருக்கு அதுவே மதில். வளையம் மூடாமல் நிற்கும் ஒரே ஒரு ஒடுக்கமான நிலக்கழுத்தில்தான் இன்றைய கோட்டைப் பாலம் இருக்கிறது, அதைக் காக்கத்தான் அந்தப் பக்கம் கோட்டையைக் கட்டினார்கள். இது போதாதென்று, ஆறு உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் போலந்து வாயில், ருத்தேனிய வாயில் என்று கட்டி, மதகை அடைத்து ஆற்று நீர்மட்டத்தை உயர்த்தும் ஏற்பாடும் வைத்திருந்தார்கள். கோட்டைக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தால் இதில் எதுவும் புரியாது. பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றோரமாக நடந்து, தலைக்கு மேலே பாறையும் அதன்மேல் ஊரும் நிற்பதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஊருக்குள் இருப்பவை. போலந்துக்காரர், ஆர்மீனியர், ருத்தேனியர் (இன்றைய உக்ரைனியரின் முன்னோர்) என்று மூன்று சமூகங்கள் தனித்தனி நிர்வாகத்தோடு ஒரே பாறைமேல் வாழ்ந்த இடம் அது. போலந்துச் சந்தைச் சதுக்கத்தில் நகர மன்றக் கட்டடமும், 1638-இல் கட்டிய ஆர்மீனியக் கிணறும் நிற்கின்றன. சற்றுத் தள்ளி ஆர்மீனியக் குடியிருப்பில் புனித நிக்கோலஸ் தேவாலயத்தின் இடிபாடும் அதன் மணிக்கூண்டும் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, பீட்டர்-பால் பேராலயம். 1672-இல் ஒட்டோமான் (துருக்கி) சுல்தான் நான்காம் மெஹ்மத் படையோடு வந்து போலந்திடமிருந்து ஊரைப் பிடித்தபோது இந்தக் கத்தோலிக்கக் கோயிலை மசூதியாக்கி, ஒட்டியபடியே ஒரு மினாரும் எழுப்பினார்கள். 1699-இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கைப்படி ஊர் போலந்துக்குத் திரும்பியது. மினாரை யாரும் இடிக்கவில்லை, 1756-இல் அதன் உச்சியில் மாதா சிலையை வைத்தார்கள். மினார்மேல் நிற்கும் மாதாவை வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை. என் ஜூனியர் குழு ஒன்று அந்தப் பேராலயத்து வாசலிலேயே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, அண்ணாந்து பார்க்காமல் கோட்டைக்கு ஓடியிருக்கிறது. ஊர் திரும்பி, நான் கேட்டபிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. சரி, வசந்தத்தில் மறுபடி போகலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த வசந்தத்துக்குள் போர் வந்து, எல்லோரும் கையில் கிடைத்த பையோடு ருமேனிய எல்லையைக் கடந்து வீடு வந்து சேர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் இன்றுவரை அங்கே திரும்பிப் போகவில்லை. அடுத்தமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பழைய நகரத்தில் வீடுகளுக்கு நடுவே பெரிய பெரிய புல்வெளிகள் வரும். பூங்கா என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பழைய நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது, இந்தப் புல்வெளிகளில் பலவும் அப்போது வீடுகள் நின்ற மனைகள். இதே ஊரில்தான் 1941 ஆகஸ்ட் கடைசியில், சில நாட்களுக்குள், நாஜிப் படையினர் 23,600 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஹங்கேரியிலிருந்து துரத்தி அனுப்பப்பட்டவர்கள் அதில் ஏராளம். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் அந்தக் காலி இடங்களைத் தாண்டிச் சும்மா போக முடியாது.

ஆகவே ஓர் இரவு தங்குங்கள். கோட்டை ஊருக்கு மேற்கே இருக்கிறது, அதனால் ஊர்ப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது காலை வெயில்தான் அதன்மேல் நேராக விழும். மாலையில் அங்கிருந்து எடுத்தால் சூரியன் பின்னால் போய்க் கோட்டை கறுத்துத் தெரியும். காலையில் ஊர்ப் பக்கமிருந்து கோட்டை, பிற்பகலில் கோட்டைச் சுவரிலிருந்து ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் விவசாயிகளின் கலகத் தலைவன் உஸ்திம் கர்மல்யுக்கை அடைத்து வைத்த கோபுரத்தையும், கிழக்குக் கோபுரத்தில் பாறையைக் குடைந்து சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு வெட்டிய கிணற்றையும் விடாதீர்கள்.

ஹோதினையும் அதே நாளில் சேர்ப்பது

1621-இல் போலந்து-லித்துவேனியப் படையும் ஹெட்மன் (தளபதி) சஹைடாச்னியின் கொசாக் வீரர்களும் சேர்ந்து ஒட்டோமான் படையைத் தடுத்து நிறுத்திய இடம் ஹோதின். நீஸ்டர் ஆற்றின் கரையில் நிற்கும் அந்தக் கோட்டைக்கென்றே அரை நாள் வேண்டும். பேருந்து நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடை வேறு இருக்கிறது. செர்னிவ்ட்ஸியிலிருந்து வரும் சாலையே ஹோதின் வழியாகத்தான் போகிறது, வரும்போதோ மறுநாள் திரும்பும்போதோ இறங்கிப் பாருங்கள். ஒரே பகலில் இரண்டையும் அடைத்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

மெனுவில் விலையை மட்டும் படிப்பது

உக்ரைன் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் கிராம் கணக்கு இருக்கும். மீனுக்கும் ஷாஷ்லிக் என்கிற கம்பியில் சுட்ட இறைச்சிக்கும் பல இடங்களில் போட்டிருப்பது 100 கிராமுக்கான விலை, முழுத் தட்டுக்கானது அல்ல. ஒரு முழு மீனை அந்தச் சின்ன எண்ணை நம்பிச் சொல்லிவிட்டு, பில் வந்ததும் எங்கள் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, எல்லாம் எழுதித்தான் இருந்தது. சமைப்பதற்கு முன்பே எடை என்ன, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோட்டைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே பசியோடு உட்காராதீர்கள், நாலு தெரு உள்ளே போங்கள். வார நாளில் மதியம் 'பிசினஸ் லஞ்ச்' பலகை வைத்திருக்கும் கடையில் சூப், சாலட், ஒரு முக்கிய உணவு எல்லாம் சேர்த்துக் குறைந்த விலையில் கிடைக்கும். மொழி வராதவர்களுக்கு 'யிதால்னியா' என்ற பலகை போட்ட சாப்பாட்டுக்கூடம் இன்னும் நல்லது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து, வேண்டியதைக் கையால் காட்டினால் போதும்.

"இறைச்சி வேண்டாம்" என்பதோடு நிறுத்திவிடுவது

போர்ஷ்ட் என்கிற பீட்ரூட் சூப்பில் இறைச்சித் துண்டு இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்தச் சாறு பெரும்பாலும் எலும்பு வேகவைத்த தண்ணீர். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'பிஸ்னி' போர்ஷ்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், அது நோன்பு நாட்களுக்கென்று இறைச்சி சேர்க்காமல் செய்வது. கொழுக்கட்டை மாதிரி இருக்கும் உருளைக்கிழங்கு வரேனிக்கியும் அப்படித்தான். உள்ளே வெறும் கிழங்கு, மேலே பொரித்த பன்றிக் கொழுப்புத் துணுக்கைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள். சோள மாவில் செய்யும் பனோஷிலும் அது வரும். 'பெஸ் ஷ்க்வாரோக்' (கொழுப்புத் துணுக்கு இல்லாமல்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வசந்தத்தில் வரும் பச்சை போர்ஷ்டில் முட்டை இருக்கும். தேருனி என்கிற உருளைக்கிழங்கு அடையைப் புளித்த கிரீமோடு கேளுங்கள், கூடவே உலர்ந்த பழங்களை வேகவைத்த உஸ்வார் குடியுங்கள். செர்ரி வைத்த வரேனிக்கி கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

புது நகரத்தில் அறை எடுப்பது

ரயிலும் பேருந்தும் நிற்பது அங்கேதான், ஆனால் நீங்கள் பார்க்க வந்தது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

கையில் ஹ்ரிவ்னியா (உக்ரைன் பணம்) நோட்டு இல்லாமல் மர்ஷ்ருட்கா (மினிபஸ்) ஏறுவது

ஏறாதீர்கள்.