நூறு தரம் கழுவிய நெய்: வீட்டுக் களிம்புக்கு நல்ல அடிப்படை

களிம்பு செய்யப் பழகுபவர்கள் பெரும்பாலும் எந்த மூலிகை போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் அடிப்படை சரியாக அமைய வேண்டும். நெய்யை அப்படியே தடவினால் உடம்புச் சூட்டில் உருகிப் பிசுபிசுக்கும். அதையே தண்ணீரில் நூறு தரம் கழுவினால் வெள்ளை வெளேரென்று க்ரீம் ஆகிவிடும். ஆயுர்வேதத்தில் இதற்குச் சததௌத கிருதம் என்று பெயர். சரக சம்ஹிதையிலேயே எரிச்சலோடு வரும் தோல் நோய்களுக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது.

தேவையானவை: 50 கிராம் சுத்தமான பசு நெய், ஒரு செம்புத் தாம்பாளம், கொதிக்க வைத்து நன்றாக ஆறவிட்ட தண்ணீர்.

முதலில் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கித் துடைத்துக்கொள்ளுங்கள். உறைந்த நெய்யை அதில் வைத்து, ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளங்கையால் ஒரே திசையில் வட்டமாகத் தேயுங்கள். ஓரிரு நிமிடம் தேய்த்ததும் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இது ஒரு தரம்.

முதல் சில தரங்களில் நெய்யும் தண்ணீரும் ஒட்டாமல் விலகி விலகிப் போகும், பயப்பட வேண்டாம். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் மிக நுண்ணிய துளிகளாக நெய்க்குள் சிக்கிக்கொள்ளும். மஞ்சள் நிறம் வெளுப்பதும் தொட்டால் குளிர்ச்சியாக இருப்பதும் அதனால்தான். வெள்ளையானதும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். மணல் மணலாக இருப்பது முழுக்கப் போய், நெய் வாசனையும் குறைய வேண்டும். அரை நாள் ஒதுக்கி, ஒரே மூச்சில் முடிப்பது நல்லது. நடுவில் அப்படியே விட்டால் செம்பில் பட்ட நெய் பச்சை பிடிக்கும்.

அப்புறம்தான் மருந்து. துணியில் சலித்த அதிமதுரப் பொடி அரை டீஸ்பூன் சேர்த்துக் குழைத்தால் போதும், வறண்ட தோலுக்கும் பாத வெடிப்புக்கும் தடவலாம். முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் பூசி, ஒரு நாள் பாருங்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

தீக்காயம் பட்டவுடன் இதைப் பூசக் கூடாது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் நெய் வைக்கும் பழக்கமும் வேண்டாம், ரண ஜன்னி (டெட்டனஸ்) வரக் காரணமாகலாம்.

உள்ளே தண்ணீர் இருப்பதால் சீக்கிரம் கெடும். கண்ணாடிக் குப்பியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். புளித்த வாடையோ காறல் வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள்.