முன்னாள் தொண்டர்களே, உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்: ஒரு செய்முறை விளக்கம்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெளிநாட்டுத் தொண்டர் திட்டங்களோடு வேலை செய்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வந்தவர்களுக்கு மொழிபெயர்த்தவர்கள், ஐ.நா. தொண்டராக ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், ஜப்பானில் இருந்து வந்த தொண்டரோடு ஒரே மேசையில் வேலை செய்தவர்கள், இங்கிருந்து வேறு நாட்டுக்குத் தொண்டராகப் போய்த் திரும்பியவர்கள். எங்காவது சந்தித்தால் எல்லோரும் சொல்வது, "அந்தத் திட்டம் திரும்ப வந்தா நல்லது" என்பதுதான். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு. முன்அனுபவம் எதுவும் தேவையில்லை.

இதை நன்றாகச் செய்து காட்டியவர்கள், வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்புகிற அமெரிக்க அரசின் அமைப்பான பீஸ் கோரின் முன்னாள் தொண்டர்கள். பீஸ் கோர் 1961 மார்ச் 1 அன்று ஜனாதிபதி கென்னடியின் ஆணையால் தொடங்கியது. இலங்கைக்கு 1962 இல் வந்து, இடைவெளிகளோடு 1998 வரை இருந்தது. அதற்கான பணத்தை ஒவ்வொரு வருடமும் அமெரிக்கக் காங்கிரஸ்தான் ஒதுக்குகிறது. 2009 இல், நேபாளத்தில் தொண்டராக இருந்து திரும்பிய ராஜீவ் கோயலும் அவரைப் போன்ற மற்றவர்களும் உறுப்பினர் உறுப்பினராகப் போய்ப் பேசினார்கள். 340 மில்லியன் டொலராக இருந்த ஒதுக்கீடு 2010 நிதியாண்டில் 400 மில்லியனானது. ஒவ்வொருவரும் தன் தொகுதி உறுப்பினரிடம் தான் கண்டதைச் சொல்லி, ஒரே ஒரு விசயத்தைக் கேட்பதுதான் அவர்களின் வழி. நம் பக்கத்து நடைமுறை வேறு. ஆனாலும் அந்த வழி இங்கேயும் பலிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படி 1: கேட்பதை ஒரு வசனத்தில் எழுதுங்கள்

"எங்கள் மாவட்டத்துக்குத் தொண்டர்கள் வேண்டும்" என்றால் கேட்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். எந்த இடத்துக்கு, என்ன வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு, யார் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அந்த வசனத்தில் வர வேண்டும். உதாரணமாக: "வவுணதீவுப் பக்கப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு ஆங்கில ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்ய, இரண்டு வருடத்துக்கு ஒரு தொண்டரைக் கேட்டு மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயம் இந்த வருடம் விண்ணப்பம் அனுப்ப வேண்டும்."

இடத்தைத் தெரிவுசெய்யும்போது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையை மறக்காதீர்கள். வருகிறவர்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், டவுனுக்குக் கிட்ட இருக்கத்தான் பார்ப்பார்கள். கேட்கிறவர்கள் நாம்தான், ஆகவே கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று பெயர் சொல்லிக் கேட்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாத் தொண்டர் திட்டத்துக்காகவும் குரல் கொடுக்கத் தேவையில்லை. பணம் கட்டி வந்து, சிறுவர் இல்லத்தில் இரண்டு மூன்று கிழமை பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போகிற ஏற்பாடு பிள்ளைகளுக்கு நல்லதில்லை. ஒட்டிப் பழகிய ஆள் திடீரென்று போவது அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நடந்த ஒன்று, திரும்பத் திரும்ப நடக்கக் கூடாது. நீண்ட காலம் இருந்து, நம் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்து, வேலையைக் கையளித்துவிட்டுப் போகிற திட்டத்தைக் கேளுங்கள்.

படி 2: கடிதம் போகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜப்பான் 1965 இல் தொடங்கிய தொண்டர் திட்டம், அந்தந்த நாட்டு அரசு கேட்பதை வைத்தே ஆட்களை அனுப்புகிறது. ஆகவே முதலில் இங்கே ஒரு நிறுவனம் கேட்க வேண்டும். மாகாணப் பாடசாலை என்றால் அதிபர், வலயக் கல்வி அலுவலகம், திருகோணமலையில் உள்ள மாகாணக் கல்வித் திணைக்களம் என்று கடிதம் மேலே போகும். தேசிய பாடசாலையும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் நேரே கொழும்பு அமைச்சுக்குக் கீழ் வருபவை. வெளிநாட்டு உதவிக் கோரிக்கைகள் கடைசியில் நிதி அமைச்சின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்துக்குத்தான் போய்ச் சேரும்.

எம்.பி.யால் தொண்டரைக் கொண்டுவர முடியாது. இடையில் நின்றுபோன கடிதத்தை நகர்த்த அவரால் முடியும். மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்து, தேர்தல் நடக்காமலே இருப்பதால் அந்த மட்டத்தில் கேட்க நமக்கு மக்கள் பிரதிநிதி இல்லை. அதனால் எம்.பி.யின் தேவை இன்னும் கூடியிருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனம், அம்பாறைக்கு 7.

படி 3: உங்கள் கதையை அரைப் பக்கத்தில் எழுதுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். நம்மவர்கள் மகஜர் எழுத உட்கார்ந்தால் "அளப்பரிய சேவை", "தன்னலமற்ற அர்ப்பணிப்பு" என்று தொடங்கிவிடுவார்கள். அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியவராது. தொண்டர் வரமுன் என்ன நிலைமை, அவரும் நம் ஆட்களும் என்ன செய்தார்கள், அவர் போன பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக அது இருக்கட்டும்.

மாதிரிக்கு நான் எழுதிய ஒன்று:

"நான் தொண்டரோடு வேலை செய்தது திருக்கோவில் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பாடசாலையில். அவர் வந்தபோது நூலக அறை பூட்டிக் கிடந்தது. புத்தகம் இருந்தது, பதிவேடு இல்லை. அவரும் எங்கள் ஆசிரியை ஒருவரும் சேர்ந்து பதிவேடு தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் போய்விட்டார், ஆசிரியை இன்றும் அதை நடத்துகிறார். ஆனால் பெற்றோருக்காகத் தொடங்கிய மாலை வகுப்பு நிலைக்கவில்லை. வயல் வேலைக் காலத்தில் யாரும் வர முடியவில்லை. அடுத்த தடவை அதை மாரிக்கு முன்பே முடிக்க வேண்டும்."

இதில் பெரிய ஆள் அந்த ஆசிரியைதான். அப்படித்தான் இருக்க வேண்டும். வெளியாள் வந்து நம்மைக் காப்பாற்றினார் என்று எழுதினால் அது உண்மையும் ஆகாது, நம் பிள்ளைகளுக்கு மரியாதையும் ஆகாது. நிலைக்காமல் போனதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஒரு அதிகாரி மற்ற வரிகளையும் நம்புவார். பிள்ளைகளின் முகம் தெரிகிற படம் இணைப்பதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

படி 4: நாலைந்து பேரைச் சேருங்கள்

நூறு கையெழுத்தைவிட, தான் கண்டதைச் சொல்லக்கூடிய ஐந்து பேர் மேல். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்று தொகுதியிலிருந்தும் ஆள் இருந்தால் நல்லது. அம்பாறையில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே போக வேண்டும். காரைதீவுக்காரரும் நிந்தவூர்க்காரரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்திருந்தால், இது ஒரு ஊருக்கான சண்டை இல்லை என்பது முதல் பார்வையிலேயே விளங்கிவிடும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்து அம்மா ஒருவரையும் சேருங்கள். அரச உத்தியோகத்தில் இருப்பவர்களிடம் கையெழுத்துக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். அவர்கள் தங்கள் மேலதிகாரி ஊடாக எழுதட்டும்.

லண்டனிலும் சிட்னியிலும் நம் சொந்தக்காரர்கள் வாக்காளர்கள். தொண்டர்களை அனுப்புகிற நாட்டின் பணத்தை அந்த நாட்டுப் பாராளுமன்றம்தான் தீர்மானிக்கிறது. அங்கே உள்ள அண்ணனோ அக்காவோ தன் தொகுதி உறுப்பினருக்கு உங்கள் அரைப் பக்கத்தை ஆங்கிலத்தில் அனுப்பினால் அது வீண் போகாது.

படி 5: சந்திப்பு

பாராளுமன்றம் பொதுவாக மாதத்தின் முதலாம், மூன்றாம் கிழமைகளில் கூடும். மற்றக் கிழமைகளில் எம்.பி.யை ஊரில் பிடிப்பது லேசு. வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வருவதால், பணம் தேவைப்படுகிற விசயம் என்றால் ஆகஸ்டுக்கு முன் போய்விடுங்கள். முதலில் அவருடைய செயலாளரோடு பேசி நேரம் எடுங்கள். அந்தச் செயலாளரை மதித்து நடங்கள், கோப்பு அவர் கையில்தான் இருக்கப் போகிறது.

மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம். ஒருவர் கதையைச் சொல்ல, ஒருவர் கேட்க வேண்டியதைக் கேட்க, ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். கேட்பது இப்படி இருக்கலாம்: "சேர், வலயத்தில இருந்து போன கடிதம் மாகாணத் திணைக்களத்தில நிக்குது. அதை அனுப்பச் சொல்லி நீங்க ஒரு கடிதம் தரவேணும். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலயும் இதைக் கதைக்கவேணும்." அப்புறம் பேசாமல் இருங்கள். அவர் பதில் சொல்லட்டும். ரோடு, வேலைவாய்ப்பு என்று வேறு எதையும் இந்தச் சந்திப்பில் எடுக்காதீர்கள்.

படம் எடுக்கக் கேட்டால் எடுக்கலாம். ஆனால் அதே கடிதத்தை மாவட்டத்தின் எல்லா எம்.பி.களுக்கும் கொடுங்கள், கொடுத்ததை எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒரு கட்சியின் திட்டம் என்று பெயர் விழுந்தால் அடுத்த தேர்தலோடு அது போய்விடும்.

படி 6: விடாமல் பின்தொடருங்கள்

வீட்டுக்கு வந்த அன்றே நன்றிக் கடிதம் எழுதி, அவர் தருவதாகச் சொன்னதை அதில் குறிப்பிடுங்கள். அலுவலகங்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் "பெறப்பட்டது" முத்திரையும் திகதியும் வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதிலே இல்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு, "இந்தத் திகதியில் தந்த கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, இப்போது யாரிடம் இருக்கிறது" என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். தராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எம்.பி. ஒருவர் ஊடாகப் பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் குழுவுக்கு மனுக் கொடுக்கும் வழியும் உண்டு.

அதிகாரிகளுக்கு இடமாற்றம் வரும். வலயத்துக்குப் புதிய பணிப்பாளர் வந்தால், முதல் மாதத்திலேயே பிரதிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். குழுவில் இருந்து யாராவது வெளிநாடு போனால், போகுமுன் கோப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.