சேலத்து லிபரோ: பந்தெடுப்பதும் பெயரெடுப்பதும்

வாலிபாலில் பின்வரிசையில் நின்று எதிரணிப் பந்தை எடுப்பதற்கென்றே உள்ள ஆட்டக்காரர்தான் லிபரோ. அது உயரம் இல்லாத பையனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்ற நினைப்பு சேலம் பக்கத்து வாலிபால் களங்களில் இன்னும் போகவில்லை. அடிக்கத் தெரியாதவனைப் பின்னால் நிறுத்தி, கலர் மாற்றி ஒரு பனியன் கொடுத்துவிடுவார்கள். ஆனால் எதிரணி சர்வீஸைச் செட்டர் (அட்டாக்கருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) கையில் சேர்க்க ஆள் இல்லையென்றால் அட்டாக்கர் எவ்வளவு எம்பியும் பயனில்லை. இந்த இடம் 1998-ல் சர்வதேச ஆட்டத்துக்கு வந்ததே, அடி பலமாகி ரேலிகள் (சர்வீஸிலிருந்து புள்ளி விழும்வரை பந்து போய்வருவது) சுருங்கிப்போனதால்தான். பிரேசிலின் செர்ஜியோ சாண்டோஸ் லிபரோவாகவே 2004, 2016 ஒலிம்பிக் தங்கங்களை வாங்கினார். இரண்டாவதை வாங்கும்போது வயது 40. அட்டாக்கர்போல் எம்பி எம்பி முழங்கால் தேயாது என்பதால் இந்த இடத்தில் ஆட்ட ஆயுளும் நீளம்.

விதியை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். லிபரோ சர்வீஸ் போடக் கூடாது, பிளாக்குக்குக் (வலையருகே எம்பி அடியை மறிப்பதற்கு) கை தூக்கக் கூடாது, வலை உயரத்துக்கு மேலே முழுசாக இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. மூன்று மீட்டர் கோட்டுக்கு முன்னால் நின்று விரலால் தூக்கிக் கொடுத்த பந்தை, வலைக்கு மேல் வைத்துச் சக ஆட்டக்காரர் அடித்தாலும் தப்பு. அங்கே அண்டர்ஹேண்டில் (முன்கையால்) கொடுத்தால் தப்பில்லை. ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, ஆனால் ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு ரேலி முடிந்திருக்க வேண்டும். சர்வீஸ் விசிலுக்குப் பிறகு ஓடி வருவது கெட்ட பழக்கம். முதல் தடவை சொல்லிவிட்டு விடுவார்கள், திரும்பச் செய்தால் தாமதத் தண்டனை.

அணியில் லிபரோ ஏற்கெனவே இருக்கிறாரா? அப்படியென்றால் ஒரு செட்டுக்கு உள்ள ஆறு சாதாரண மாற்றங்களில் ஒன்றில், பின்வரிசைத் தடுப்புக்கென்றே இறங்கலாம். அப்படி இறங்குகிறவர் லிபரோ இல்லை என்பதால் சர்வீஸ் போட அனுமதி உண்டு. ஆகவே நம்பகமான ஃப்ளோட் சர்வீஸ் (சுழலாமல் ஆடிக்கொண்டே போகும் சர்வீஸ்) ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

சர்வீஸ் எடுப்பதில் கைக்கு வேலை கம்மி, காலுக்குத்தான் அதிகம். எதிராளி கை பந்தில் படுகிற நொடியில் உங்கள் இரண்டு பாதமும் தரையில், எடை முன்பாதத்தில், முழங்கால் மடங்கி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தால் முதல் அடி தாமதமாகும். அதைச் சரிக்கட்டக் கையை நீட்டுவீர்கள். ஒரு கையில் மட்டும் பட்டுப் பந்து பக்கவாட்டில் பறக்கும். மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே, இரண்டு முன்கையிலும் சேர்ந்தாற்போல் பட வேண்டும். ஃப்ளோட் பந்தை லேசாகத் தோளிலிருந்து தள்ளலாம், மார்புக்கு மேலே வந்தால் விரலாலேயே எடுக்கலாம். எம்பி வேகமாக அடிக்கும் ஜம்ப் சர்வீஸைத் தள்ளவே கூடாது. கையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேகத்தைக் கொல்ல வேண்டும். தள்ளினால் பந்து நேரே வலையைத் தாண்டும், எதிரணி நடு ஆட்டக்காரர் ஓசியில் ஒரு புள்ளி எடுத்துக்கொள்வார்.

பந்து போய்ச் சேர வேண்டிய இடம் 2-க்கும் (முன்வரிசை வலது) 3-க்கும் (முன்வரிசை நடு) நடுவே, வலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. உயரம், வலையோரம் நிற்கும் ஆன்டெனா குச்சியின் உச்சியைத் தாண்டினால் போதும். வலையை ஒட்டிக் கொடுப்பது பார்க்க அழகு, செட்டருக்கோ அவஸ்தை. ஒட்டிப்போவதைவிட அரை மீட்டர் பின்னால் விழுவதே மேல்.

அடியைத் தடுக்கும்போது லிபரோவின் இடம் பெரும்பாலும் 5, அதாவது பின்வரிசை இடது. பந்து செட்டர் கையை விட்டதும் பார்வை அட்டாக்கரின் தோளுக்குப் போக வேண்டும். பிளாக் எந்தப் பக்கத்தை மறைக்கிறதோ அதன் நிழலில் நிற்காதீர்கள், மறைக்காத பக்கம்தான் உங்களுடையது. செட்டர் தூக்கிய பந்து வலையை விட்டு விலகி வந்தால் ஓரடி பின்னே போங்கள். வலையை ஒட்டிப்போய், அட்டாக்கர் வேகம் குறைந்தால் டிராப் (மெல்லத் தட்டிவிடும் பந்து) வரும், ஓரடி முன்னே வாருங்கள்.

டைவ் விஷயத்தில் வீடியோ பார்த்து ஏமாற வேண்டாம். நெஞ்சால் வழுக்கும் டைவ் மரத்தரைக்கானது. நம்மூர் கிராவல் மண்ணில் செய்தால் தாடையும் உள்ளங்கையும் உரியும். இங்கே காலை அகட்டித் தாழ்ந்து எடுத்துவிட்டுத் தோள்மேல் உருள்வதுதான் சரி.

ஏற்காட்டில் ஆடப் போகிறவர்களுக்கு ஒன்று. சேலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 கிலோ அழுத்தத்தில் காற்றடித்த பந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது கிட்டத்தட்ட 0.40-ஐத் தொடும். விதிப்படி உச்ச அளவே 0.325-தான். மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் பந்து கல்லாகும். பழக்கப்பட்ட கையிலேயே பட்டுத் தெறிக்கும். ஆள் தன் ஃபார்மைச் சந்தேகப்படுவார். மேலே போனதும் ஊசி போட்டு, அளவி வைத்துக் காற்றை இறக்குங்கள். காற்று இலேசு என்பதால் ஃப்ளோட் சர்வீஸும் வழக்கத்தைவிட நீளமாக வரும், அரையடி பின்னே நில்லுங்கள்.

ஸ்கோர் ஷீட்டில் லிபரோவின் வேலை ஏறாது. ஆகவே கணக்கை நீங்களே வைக்க வேண்டும். செட்டர் எந்தப் பக்கமும் செட் போடலாம் என்றால் 3, இரண்டு பக்கம் மட்டும் என்றால் 2, ஏதோ தூக்கிப்போடத்தான் முடிந்தது என்றால் 1, புள்ளி போனால் 0. இருபது பந்தில் ஒன்பது 3, ஆறு 2, மூன்று 1, இரண்டு 0 வந்தால் மொத்தம் 42, சராசரி 2.1. இது பரவாயில்லை ரகம், 2.3 நிலையாக வந்தால் தைரியமாகத் தேர்வுக்குப் போகலாம். ஃப்ளோட்டுக்கும் ஜம்ப்புக்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள், ஓட்டை எதில் என்று அங்கேதான் தெரியும்.

வழி இப்படிப் போகும்: பள்ளியில் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, மாவட்ட அணித் தேர்வு, கல்லூரியில் பெரியார் பல்கலைக்கழக அணி, பிறகு வாலிபால் அணி வைத்திருக்கும் ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி), ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை), தெற்கு ரயில்வே போன்ற இடங்கள். தேர்வாட்டத்தில் எல்லார் கண்ணும் அட்டாக்கர் மேல்தான் இருக்கும். வாயைத் திறந்தால்தான் லிபரோ கண்ணில் படுவார். ஒவ்வொரு பந்துக்கும் "மைன்" (என் பந்து), "லீவ்" (விட்டுவிடு) என்று சத்தமாகச் சொல்லுங்கள். இருவருக்கு நடுவே வரும் பந்தை யோசிக்காமல் நீங்களே எடுங்கள்.

மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3. போட்டி முடிந்த கையோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.