ஃபுட்பாலில் டிஃபன்ஸை மேலே ஏற்றி ஆடுவது எப்படி?

எங்கள் தர்மபுரிப் பையன்களுக்கு ஒரு பழக்கம். எதிரணி காலில் பந்து பட்டதும் நாலு டிஃபெண்டரும் பாக்ஸுக்குள் ஓடி ஒண்டிக்கொள்வார்கள். நடுவில் பாதி மைதானம் காலி. எதிரணி அங்கே சாவகாசமாகப் பாஸ் போட்டு விளையாடும். டிஃபன்ஸை ஏற்றினால் அந்த இடம் சுருங்கும், பந்தை அவர்கள் பக்கத்திலேயே பறிக்கலாம். ஆனால் நம் முதுகுக்குப் பின்னால் 30, 40 மீட்டர் வெட்டவெளியாகக் கிடக்கும். அதைச் சமாளிக்கத்தான் இந்தப் பயிற்சி.

முதலில் கோடு. பெனால்டி பாக்ஸ் கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டரில் முடிகிறது. அங்கிருந்து 20 தப்படி முன்னால் சுண்ணாம்புத் தூளால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். புதியவர்களுக்கு இது போதும். பாஸ் போடும் நொடியில் பந்தையும் நம் கடைசி டிஃபெண்டரையும் தாண்டி கோல் பக்கம் நிற்கும் எதிரணிக்காரன் ஆஃப்சைடு, அவனுக்கு அந்தப் பந்து செல்லாது. ஆனால் நடுக்கோட்டைத் தாண்டி ஏறுவதில் ஆஃப்சைடு லாபம் இல்லை. தன் பாதியில் நிற்பவனுக்கு ஆஃப்சைடே கிடையாது.

அடுத்து கயிறு. நாலு பேர் இடுப்பிலும் ஆளுக்கு 8 மீட்டர் இடைவெளி விட்டு ஒரே கயிறைத் தளர்வாகச் சுற்றிவிட்டு நடக்கச் சொல்லுங்கள், ஓட வேண்டாம். ஒருவன் பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவனின் இடுப்பு இழுபடும். செம்மண் புழுதியில் பத்து நிமிடம் இப்படி நடந்தால், நான் ஒரு மாதம் கத்தினாலும் ஏறாதது ஏறிவிடும். பாலக்கோடு பக்கம் ஒரு மேட்ச்சில் எங்கள் ரைட் பேக் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். மற்ற மூவரும் ஏறிவிட்டார்கள். அவன் ஒருவனால் எதிரணி ஃபார்வர்டு ஆன்சைடு, கோல். “அண்ணா, ரெண்டே செகண்டுண்ணா!” என்றான்.

இனிமேல்தான் உண்மையான பாடம். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது? பந்து வைத்திருப்பவனின் தலையைப் பாருங்கள். தலை குனிந்திருக்கிறதா, நம் ஆள் அவன் மேல் பாய்ந்திருக்கிறானா, அவன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறானா? ஸ்டாப்பர் (நடு டிஃபெண்டர்) “ஏறு” என்று கத்த வேண்டும். தலை நிமிர்ந்து, யாரும் நெருக்காமல், காலைப் பின்னே ஓங்குகிறானா? “இறங்கு!” அவன் உதைத்த பிறகு திரும்பி ஓடினால் தாமதம்தான். முன்னால் இருப்பவர்கள் பிரஸ் பண்ணாத, அதாவது பந்து வைத்திருப்பவனை நெருக்காத அணி மேலே ஏறுவது, என் கணக்கில், தற்கொலை.

2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியா இப்படி ஏறி நின்றுதான் ஆடியது. முதல் பாதியிலேயே அர்ஜென்டினாவின் 3 கோல்கள் ஆஃப்சைடில் ரத்து. கடைசியில் 2-1 என சவுதி ஜெயித்தது. 2024 அக்டோபரில் பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக்கின் பார்சிலோனா ரியல் மாட்ரிட்டை 4-0 என அடித்தபோது ரியல் ஃபார்வர்டு எம்பாப்பே மட்டும் 8 முறை ஆஃப்சைடில் சிக்கினார். அதே பார்சிலோனா அடுத்த ஏப்ரல் கடைசியிலும் மே மாதமும் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களில் இன்டர் மிலானிடம் 7 கோல் வாங்கி வெளியேறியது.

கீப்பர் கோல் போஸ்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனி கீப்பர் மானுவல் நோயர் பாக்ஸுக்கு வெளியே ஓடிவந்து பந்தைத் துரத்திய ஆட்டத்தை யூடியூபில் போட்டுக் காட்டுங்கள்.

நம்மூர் டோர்னமென்ட்டில் வீடியோ ரெஃப்ரி கிடையாது. கொடி பிடிப்பவர் கோட்டுக்கு நேராக ஓடுகிறாரா என்று முதல் ஐந்து நிமிடம் கவனியுங்கள். ஓடவில்லையென்றால் பத்து தப்படி இறங்கிவிடுங்கள். எதிரணிக்கு கோல் கிக் என்றாலும், த்ரோ என்றாலும் அப்படியே: அவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை.