பிளஷிங் சீனக் கடையில் தோழியோடு சமையற்பொருள் வாங்குவது எப்படி?

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் 7ஆம் எண் ரயிலின் கடைசி நிறுத்தமான பிளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கி, பவுன் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்துபோகும் நம்மவர்களில் பெரும்பாலோர், வழி நெடுகிலும் உள்ள சீன மளிகைக் கடைகளை எட்டிக்கூடப் பார்க்காமல் கடந்து விடுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் நடந்தேன். மூன்றாம் ஆண்டு, பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் மாலையில் வீட்டில் அரிசி மாவு தீர்ந்துவிட்டதால், அவற்றுள் ஒன்றில் நுழைந்து, யானைத் தலை படம் போட்ட மாவுப் பை ஒன்றை எடுத்து வந்தேன். பிள்ளையாருக்கு யானை முகத்து மாவே பொருத்தம் என்று மகிழவும் செய்தேன். மறுநாள் இட்லிப் பானையைத் திறந்தபோது பதினோரு கொழுக்கட்டைகளும் ஒன்றோடொன்று இழைந்து, துணியோடு சேர்ந்து, ஒரே பசைப் பாளமாகக் கிடந்தன. அன்றைக்குச் சாமிக்குச் சுண்டல் மட்டுமே படைக்க முடிந்தது.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான், மலேசியாவின் ஈப்போவில் பிறந்த சீனத் தோழி ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு முறையாகக் கடை பார்க்கக் கற்றேன். நான்கு ஆண்டுகளாக மாதம் ஒருமுறை சேர்ந்து போகிறோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: யாரோடு போவது, எப்போது போவது

சீன மொழி பேசுபவர் என்பது மட்டும் போதாது. வீட்டில் தாமே சமைப்பவராகவும் இருக்க வேண்டும். சீன மொழி சரளமாகப் பேசும் அலுவலக நண்பர் ஒருவரோடு முதலில் ஒருமுறை போனேன். அவர் பெயர்களை எல்லாம் பிழையின்றி வாசித்துக் காட்டினார், ஆனால் எந்தக் கீரையை எவ்வளவு நேரம் வதக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை. ஈப்போத் தோழிக்கோ, பக்கத்து வீட்டுத் தமிழர்களின் சமையலைப் பார்த்து வளர்ந்த பழக்கம் இருப்பதால், நான் சொல்லும் காய் எது என்று பாதி விளக்கத்திலேயே புரிந்துவிடுகிறது.

வார நாட்களில் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். சனி, ஞாயிறுகளில் நடைபாதை வரை கூட்டம் வழியும். நின்று நிதானமாகக் கேள்வி கேட்க முடியாது. அதோடு, தோழியை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவரும் வீட்டுக்குப் பொருள் வாங்கத்தான் வந்திருக்கிறார். நாங்கள் முதலில் அவருடைய பட்டியலை முடித்துவிட்டு, பிறகே என்னுடையதைத் தொடுவோம். அவர் எதை எடுக்கிறார், எதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறார் என்று கவனித்ததிலேயே நான் பாதியைக் கற்றேன்.

படி 2: கையில் இருக்க வேண்டியவை

நியூயார்க் மாநிலத்தில் 2020 மார்ச் முதல் கடைகள் பிளாஸ்டிக் பை தருவதற்குத் தடை இருக்கிறது. காகிதப் பைக்கு நகரில் 5 சென்ட் கட்டணம். ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சப்பைகளை எடுத்துச் செல்லுங்கள். சிறிய கடைகள் சிலவற்றில் குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்தால் அட்டை வாங்கமாட்டார்கள் என்பதால் ரொக்கமும் தேவை. விலை பவுண்டுக் கணக்கில் எழுதியிருக்கும். ஒரு பவுண்டு ஏறக்குறைய 454 கிராம்.

கைப்பேசியின் கேமரா மொழிபெயர்ப்பைப் பலரும் புகழ்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அச்சிட்ட பொட்டலங்களில் ஓரளவு உதவும். காய்கறிக் கூடைகளின் மேல் கையால் எழுதிச் செருகிய அட்டைகளில் தடுமாறும். சரியாகப் படித்தாலும் பயனில்லாத இடங்கள் உண்டு. ஒருமுறை கீரைக்கட்டு ஒன்றுக்கு "வெற்று இதயக் காய்" என்று காட்டியது. மொழிபெயர்ப்பில் பிழையில்லை, தண்டு உள்ளீடற்றது என்பதால் சீனர்கள் அதற்கு வைத்த பெயரே அதுதான். தோழி "கங்கோங்" என்றார். அது நம் வள்ளைக்கீரை. ஐம்பது காசு விலையில் கிடைக்கும் ஒரு குறிப்பேடும் பென்சிலும்தான் என் கருவி. இடப்பக்கம் தமிழ்ப் பெயர், வலப்பக்கம் தோழி சொல்லும் பெயர், அடியில் அவர் வீட்டில் அதைச் சமைக்கும் விதம்.

படி 3: காய்கறிகள்

இங்கே பயப்பட ஒன்றுமில்லை, ஏனெனில் பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்த காய்களே. சீன வெண்டை என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பது வெண்டையே அன்று, பீர்க்கங்காய். குளிர்கால முலாம் என்று பொருள்படும் பெயரில் இருப்பது நீர்ப்பூசணி. அதைத் துண்டு போட்டு எடைக்கு விற்பார்கள் என்பதால் இரண்டு பேர் சாப்பிடும் மோர்க்குழம்புக்கு முழுக் காயையும் வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை. முழ நீளத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பது காராமணிக்காய். நடுவில் சிவப்பு ஓடிய கீரை நம் தண்டுக்கீரையின் இனம். பொரியல் செய்தால் சட்டியில் இளஞ்சிவப்பு நீர் விடும், கெட்டுவிட்டதோ என்று கலங்க வேண்டாம். சீனப் பாகற்காய் வெளிர்பச்சையில், முள் மழுங்கி, பெரிதாக இருக்கும், கசப்பும் குறைவு. பிட்லைக்கு அது ஒத்துவரும், வற்றலுக்கு ஒத்துவராது என்பது என் அனுபவம். மேற்கத்தியப் பேரங்காடிகளில் விற்கும் நீண்ட வெங்காயத்தைவிட, இங்கே வலைப்பையில் விற்கும் தாய்லாந்துச் சின்ன வெங்காயமே நம் சாம்பாருக்கு நெருக்கமானது.

புளி வாங்குவதில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அட்டைப் பெட்டியில் ஓட்டோடு அழகாக அடுக்கியிருக்கும் தாய்லாந்துப் புளி பெரும்பாலும் இனிப்புப் புளி, அப்படியே தின்பதற்கானது. அதில் ரசம் வைத்தால் பானகம்தான் கிடைக்கும்.

படி 4: அரிசியும் மாவும் (நான் வழுக்கிய இடம்)

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள்.

நான் வாங்கிய யானைப் பை தாய்லாந்தின் எராவன் என்ற வணிகப் பெயரில் வருவது. மாவில் எந்தக் குறையும் இல்லை, குறை என் கண்ணில்தான். அதே யானைத் தலையோடு, அதே அளவில், எழுத்தின் நிறம் மட்டும் மாறிப் பல மாவுகள் அடுத்தடுத்து இருக்கும். சிவப்பு எழுத்துப் பையில் இருப்பது சாதாரண அரிசி மாவு. பச்சை எழுத்துப் பையில் இருப்பது ஒட்டும் அரிசியின் மாவு. நான் எடுத்தது பச்சை.

ஒட்டும் அரிசி என்பது குழைந்த அரிசியன்று, தனி வகை. அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு கூறுகள் உண்டு. நாம் சோற்றுக்குப் பயன்படுத்தும் நெட்டை அரிசிகளில் அமைலோஸ் ஏறக்குறைய 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். வெந்து ஆறியதும் உதிரியாக நிற்பதும், கொழுக்கட்டை வடிவம் கலையாமல் இறுகுவதும் அதனால்தான். ஒட்டும் அரிசியில் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே. எனவே எவ்வளவு பக்குவமாகப் பிசைந்தாலும் ஆவியில் அது தளர்ந்து இழையும், ஆறினாலும் இறுகாது. ஆங்கிலப் பெயரில் (glutinous rice) குளூட்டன் என்பதுபோல் ஒரு சொல் வருவதைப் பார்த்துக் கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பெயர் பசைத்தன்மையைக் குறிப்பது, இதில் கோதுமைப் புரதம் கிடையாது.

அரிசியாக வாங்கும்போது கண்டுபிடிப்பது எளிது. ஒரு பிடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாதாரணப் பச்சரிசி கண்ணாடிபோல் ஓரளவு ஒளி ஊடுருவும். ஒட்டும் அரிசி சுண்ணாம்புக்கட்டிபோல் வெள்ளை வெளேரென்று மங்கலாக இருக்கும். மாவில் இந்தச் சோதனை செல்லாது. வீட்டில் பெயரில்லாத டப்பாவில் மாவு இருந்து ஐயம் வந்தால், சிறிது மாவை நீரில் கெட்டியாகக் கரைத்துக் காய்ச்சி ஆறவிடுங்கள். சாதாரண மாவு களிபோல் இறுகும். ஒட்டும் மாவு கண்ணாடிப் பசைபோல் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

நடந்ததைத் தோழியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, என் கேள்வியைத்தான் திருத்தினார். "இது அரிசி மாவா?" என்று கடைக்காரரைக் கேட்டிருந்தால் ஆம் என்றுதான் சொல்லியிருப்பார், அது பொய்யுமில்லை, "இதில் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும் என்றார். பச்சைப் பை மாவில் அவர்கள் இனிப்பு உருண்டைகளைச் செய்து சர்க்கரைப் பாகில் மிதக்கவிடுவார்கள் என்று கேட்ட மறுகணமே, கொழுக்கட்டைக்கு அது ஆகாது என்று எனக்கே விளங்கியிருக்கும். அன்று முதல் எந்தப் பொருளையும் பெயர் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

அந்தக் கேள்வியால் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. அதே வரிசையில் இருந்த கறுப்பு அரிசிப் பை ஒன்றைக் காட்டிக் கேட்டபோது, "பூலுட் ஈத்தாம், வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் விட்டுச் சாப்பிடுவோம்" என்றார். எனக்குக் காரைக்குடி. கவுனி அரிசியைத் தவிர வேறெதுவாக இருக்க முடியும்? பர்மா வணிகத்தோடு செட்டிநாட்டுக்கு வந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அரிசி அது, ஒட்டும் இனம். ஆனால் இங்கும் இரண்டு வகை உண்டு: சீனாவிலிருந்து வரும் கறுப்பரிசிகளில் ஒட்டாதவையும் இருக்கின்றன. கறுப்புத் தோல் மறைப்பதால் வெளிச்சச் சோதனை பயன்படாது. பையின் பின்புறச் சீட்டில் ஒட்டும் அரிசி என்று ஆங்கிலத்தில் குறித்திருப்பதையே எடுங்கள். முதல்நாள் இரவே ஊறவையுங்கள், இல்லையென்றால் வேகவே வேகாது.

படி 5: சைவம் பார்ப்பவர்களுக்கு

முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். அமெரிக்காவில் விற்கும் பொட்டலங்களில் சேர்பொருள் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இறக்குமதியாளர் ஒட்டிய வெள்ளைச் சீட்டைத் தேடுங்கள். காளான் படம் போட்ட குப்பியிலும் சிப்பிச் சாறு இருக்கலாம், காய்கறி ஊறுகாயில் கருவாட்டு இறால் இருக்கலாம். பௌத்தச் சைவ உணவு என்று தனி அடுக்கு வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அதில் "சூ" என்று தோழி வாசிக்கும் எழுத்து இருக்கும். கண்டிப்பான பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு என்பதால், விரத நாட்களுக்கு இந்த அடுக்கு எனக்குப் பெரிய உதவி.

படி 6: மீன்

விரலால் சுட்டினால் போதும். செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா என்று நம் ஊரில் பார்ப்பதையே இங்கும் பாருங்கள். வெட்டச் சொல்லும் முன் மட்டும் கவனம் தேவை: எங்கள் கடையில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் குடலை எடுத்து, ஆவியில் அவிப்பதற்கு ஏற்ப முழு மீனாகவே கொடுத்துவிடுவார்கள். குழம்புத் துண்டு வேண்டுமென்றால் கையைக் கத்தியாக்கிக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள், தலையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 7: பதிலுக்கு நம் கடைக்கு அழைத்துச் செல்வது

அடுத்த மாதம் நான் அவரை அதே ரயிலில் ஜாக்சன் ஹைட்ஸ் 74ஆம் தெருவிலுள்ள இந்தியக் கடைகளுக்கு அழைத்துச் சென்றேன். பருப்பு அடுக்கின் முன் அவர் நின்ற நிலையைப் பார்த்தபோது, மாவு அடுக்கின் முன் நான் நின்றது நினைவுக்கு வந்தது. தோல் உளுந்து, உடைத்த உளுந்து, முழு வெள்ளை உளுந்து மூன்றையும் விளக்கினேன். தோசைக்கு முழு வெள்ளை உளுந்தே சிறந்தது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் எண்ணெய் தடவிய துவரம்பருப்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது எனக்கு அவ்வளவு வெளிப்படையான செய்தியாகத் தோன்றியிருந்தது. பூச்சி பிடிக்காமலிருக்க விளக்கெண்ணெய் பூசிய அந்தப் பருப்பை அவர் கழுவாமலே வேகவைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, வீடெல்லாம் மருந்து வாடை அடிக்கிறது என்றார். வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: சிவப்புப் பை மாவில் இடியாப்பம் சரியாக வரவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அது ஈரமாக அரைத்து உலர்த்திய மிக நைசான, வறுக்காத மாவு. கொழுக்கட்டை மேல்மாவுக்கு அதைவிட வெள்ளையான, மென்மையான மாவை நான் பார்த்ததில்லை. இடியாப்பத்துக்கோ, நம் கடைகளில் கிடைக்கும் வறுத்த மாவையே பரிந்துரைக்கிறேன். சிவப்புப் பைதான் கையில் இருக்கிறது என்றால் வெறும் வாணலியில் நிறம் மாறாமல் வறுத்து, கொதிக்கக் கொதிக்க நீர் விட்டுப் பிசையுங்கள்.

பின்சேர்க்கை 2: கறிவேப்பிலை சீனக் கடையில் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: நான் போகும் கடைகளில் இல்லை. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் முயலாதீர்கள். எலுமிச்சைக் குடும்பத்து மரமாகிய கறிவேப்பிலையில் தங்கும் பூச்சி ஒன்று ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் பரப்புவதால், விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். 74ஆம் தெருவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை தேடுபவர்கள், அதே ரயில் பாதையில் உள்ள உட்சைட் பிலிப்பினோ கடைகளின் உறைபெட்டியில் "மலுங்காய்" என்ற பெயரில் பாருங்கள். உருவிய இலையாகவே கிடைக்கும்.