வளவுக்குள் அழுங்கு வந்தால்

கந்தளாய், மொறவெவ, சேருவில பக்கம் காட்டோரத்தில் வளவு உள்ளவர்களுக்காக இது. இரவில் நாய் விடாமல் குரைக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் வேலியோரம் செதில் மூடிய உருண்டை ஒன்று கிடக்கும். அதுதான் பயத்தில் சுருண்ட அழுங்கு, எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். நாயைக் கட்டுங்கள், லைட்டை அணையுங்கள், படலையைத் திறந்து விடுங்கள். காயம் இல்லையென்றால் உங்கள் வேலை அவ்வளவுதான். சத்தம் அடங்கினால் தானாக விரிந்து போய்விடும். நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள்.

உருண்டையைப் பிரிக்கப் பார்க்காதீர்கள். வால் முழுக்கத் தசை. இடையில் விரல் அகப்பட்டால் செதிலின் விளிம்பு வெட்டிவிடும். தாயாக இருந்தால் குட்டி உள்ளே இருக்கவும் கூடும்.

பன்றிக்கு வைத்த சுருக்கில் மாட்டியிருந்தால் கதை வேறு. முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். அவர்கள் வரப் பிந்துமென்றால், கம்பி மரத்தில் கட்டியிருக்கும் இடத்தில் குறட்டால் வெட்டுங்கள். உடம்பில் இறுகிய வளையத்தை மிருக வைத்தியருக்கு விடுங்கள். கம்பியை அறுத்தவுடன் காட்டுக்குள் ஓடவிடுவதுதான் வழமையாக நடக்கும் பிழை: இரத்த ஓட்டம் நின்ற சதை சில நாள் கழித்துத்தான் அழுகத் தொடங்கும்.

திணைக்களத்தினர் வரும்வரை அதை வைக்க, மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பீப்பா நல்லது. மேற்பக்கம் விரல் அளவில் பத்துப் பதினைந்து துளை, அடியில் காய்ந்த சருகு, மூடிக்கு மேல் ஒரு கல். சாக்கை நகத்தால் கிழித்துவிடும், உள்ளே வெக்கையும் கூடும். கோழிக்கூட்டில் போட்டால் வலையைப் பிராண்டி நகத்தை உடைத்துக்கொள்ளும். நிழலில் வையுங்கள், கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் மூடிய பீப்பா அடுப்புத்தான்.

பால், முட்டை, சோறு எதுவும் வேண்டாம். பல்லே இல்லாத பிராணி, எறும்பும் கரையானும்தான் அதன் சாப்பாடு. நெடுநேரம் அடைத்து வைத்தால் பயத்திலேயே நோய்ப்பட்டுச் சாகக்கூடும். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடாதீர்கள்.

செதில் மருந்து என்று விலை பேச யாராவது வருவார்கள். நம் நகம் எதனாலோ அதுவும் அதனாலேயே ஆனது. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2017 முதல் சர்வதேச வணிகத் தடையும் உண்டு. திருட்டுத்தனமாகப் பிடிப்பவர்களுக்கு பேஸ்புக்கில் படம் போட்டு இடத்தைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

1992க்குப் பேசும்போது கிராம சேவகர் பிரிவு, கிட்டவுள்ள சந்தி அல்லது குளம், காயம் எந்த இடத்தில், எத்தனை மணியிலிருந்து கிடக்கிறது என்பவற்றைச் சொல்லுங்கள்.